உப்புநீரில் மொட்டு விடும் செல்: அந்தமான் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் உயிரியல் படிக்கும் தமிழ் மாணவர்களுக்கும், அவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும்,



உங்கள் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், இனப்பெருக்கம் பற்றிய பாடத்தில் ஒரு செய்முறை இருக்கிறது. 100 மில்லிலிட்டர் தண்ணீரில் 10 கிராம் சர்க்கரையைக் கரைக்க வேண்டும். அதில் 20 மில்லிலிட்டரைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஒரு சிட்டிகை ஈஸ்ட் போட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். ஓரிரு மணி நேரம் கழித்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் பார்த்தால், முட்டை வடிவச் செல்களின் ஓரத்தில் சின்னச் சின்னப் புடைப்புகள் தெரியும். ‘ஈஸ்ட் மொட்டு விடுதல் மூலம் இனப்பெருக்கம் செய்கிறது’ என்று எழுதிப் படம் வரைந்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். பாடம் அடுத்து ஹைட்ராவுக்குப் போய்விடும்.

ஆனால் அந்தப் புடைப்பு ஏன் செல்லின் அந்த ஓரத்தில் வந்தது? மறு ஓரத்தில் ஏன் வரவில்லை? ஒரே நேரத்தில் இரண்டு ஏன் வருவதில்லை? வளர்ந்த மொட்டு தாயை விட்டுப் பிரிய வேண்டிய நேரத்தை எது சொல்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி இருக்கிறது. அதன் கதை உங்கள் தீவுகளின் கரையோடு வந்து சேர்ந்திருக்கிறது என்பதால்தான் இந்த மடல் உங்களுக்கு எழுதப்படுகிறது.

2021 மார்ச்சில் ‘எம்பயோ’ என்ற நுண்ணுயிரியல் ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தைச் சேர்ந்த பூஞ்சையியல் மருத்துவர் அனுராதா சௌதரி அந்த ஆய்வை வழிநடத்தினார். போர்ட் பிளேரில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் ஊரில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையில் பணியாற்றிய ஜி. பத்மாவதியும், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியான்பிங் ஷூவும் அதில் பங்கேற்றார்கள். அந்தமான் கரையோரத்தில் எட்டு இடங்களிலிருந்து 48 மாதிரிகள் எடுக்கப்பட்டன. எல்லாம் வண்டல் மண்ணும் கடல்நீரும்தான். எட்டில் இரண்டு இடங்களில் கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட் கிடைத்தது. ஓரிடம் உப்புச் சதுப்பு, மற்றது மணற்கரை.

அதுவரை உலகில் எங்குமே அந்த ஈஸ்ட் இயற்கைச் சூழலில் பிடிபட்டதில்லை. மருத்துவமனைகளில் மட்டுமே தெரிய வந்திருந்தது.

அதன் வரலாறு சுருக்கமானது. 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்த மாதிரியைக் கொண்டு அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் இந்தியா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத இடங்களில், மரபணு அமைப்பில் வேறுபட்ட கிளைகளாக, ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைகாட்டியது. இந்தியாவில் அதை முதலில் அடையாளம் கண்டு 2013இல் எழுதியதும் அனுராதா சௌதரியின் குழுவே. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஏற்கெனவே நலிந்து கிடப்பவர்களின் இரத்தத்தில் இது புகுந்தால், பாதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் இறக்கிறார்கள். புளூகோனசோல் போன்ற வழக்கமான மருந்துகள் பல நேரம் இதன்மேல் வேலை செய்வதில்லை. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சை நோய்க்கிருமிகளின் முன்னுரிமைப் பட்டியலில், மிக அபாயகரமான முதல் பிரிவில் இருக்கும் நான்கில் இதுவும் ஒன்று. அண்மையில் வகைப்பாட்டியலாளர்கள் இதற்குக் கேண்டிடோசைமா ஆரிஸ் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். மருத்துவமனைகளில் பழைய பெயரே இன்னும் புழங்குகிறது.

கடற்கரைக்குப் போகிறவர்கள் பயப்பட வேண்டியதில்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவர்களை இது பொதுவாகத் தாக்குவதில்லை. செய்தியின் கனம் வேறிடத்தில் இருக்கிறது. சதுப்பில் கிடைத்த மாதிரிகளில் ஒன்று மருந்துகளுக்குக் கட்டுப்பட்டது. அதிக வெப்பத்தில், மருத்துவமனை வகைகளைவிட மெதுவாக வளர்ந்தது. மனிதர் நடமாட்டம் மிகுந்த மணற்கரையில் கிடைத்தவை மருத்துவமனை வகைகளை ஒத்திருந்தன. கரையில் குளிக்க வந்தவர்களின் தோலிலிருந்தோ கழிவுநீரிலிருந்தோ அவை வந்திருக்கலாம். சதுப்பு மாதிரியை அப்படி எளிதில் விளக்க முடியாது. ஆளரவமற்ற சேற்றில், மருந்தையே சந்தித்திராத ஒரு பழைய உருவம் வாழ்ந்துகொண்டிருக்கிறதோ என்ற கேள்வியை அந்த ஒரு சிறு மாதிரி எழுப்பியது.

இதற்கு ஈராண்டு முன்பு, 2019இல், அமெரிக்காவின் ஆர்ட்டுரோ காசடேவால் தம் சகாக்களுடன் சேர்ந்து ஒரு கருதுகோளை முன்வைத்திருந்தார். பெரும்பாலான பூஞ்சைகளால் மனித உடலின் 37 டிகிரி வெப்பத்தைத் தாங்க முடியாது, அந்த வெப்பமே நமக்கு ஒரு மதில். பூமி சூடாவதால் சதுப்புகளில் வாழும் ஏதோ ஒரு பூஞ்சை அந்த மதிலைத் தாண்டப் பழகியிருக்கலாம், கேண்டிடா ஆரிஸ் அப்படி வந்ததாக இருக்கலாம் என்றார் அவர். அந்தமான் கண்டுபிடிப்பு அதை நிரூபித்துவிடவில்லை. ஆனால் எங்கே தேட வேண்டும் என்று கை காட்டியது. அடுத்த ஆண்டே கொலம்பியாவின் கடலோரத்திலும் அது கிடைத்தது. வட இந்தியாவில் பரிசோதிக்கப்பட்ட 62 ஆப்பிள்களில் எட்டின் தோலிலும் இருந்தது.

ஆக, எந்தச் சேற்றில் அது இருக்கிறது என்பது கொஞ்சம் தெரிந்துவிட்டது. அந்தச் சேற்றில் அது எப்படி உயிரைப் பிடித்துக்கொண்டு பெருகுகிறது என்பதுதான் மிச்சமிருக்கும் பெரிய வேலை. கேண்டிடா ஆரிஸ் மொட்டு விடும் ஈஸ்ட். அதன் வாழ்வு முழுவதும், ஒரு செல் தன் உடம்பின் எந்தப் பக்கத்தில் புதுச் செல்லை வளர்ப்பது என்ற முடிவைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் அடங்கியிருக்கிறது. அந்த முடிவைப் பற்றி உலகுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, ரொட்டிக் கடையில் பயன்படும் சாக்கரோமைசிஸ் செரிவிசியேயிடமிருந்து கற்றது. உங்கள் சோதனைக் குழாயில் இருப்பதும் அதுவே.

அந்தச் செல் சுமார் ஐந்து மைக்ரோமீட்டர் அகலமுள்ளது. ஒரு மில்லிமீட்டரில் 200 செல்களை வரிசையாக நிறுத்தலாம். நல்ல உணவு கிடைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் சியாட்டிலில் லேலண்ட் ஹார்ட்வெல் ஒரு எளிய உத்தியைக் கையாண்டார். ஈஸ்டில் மரபணு மாற்றங்களை உண்டாக்கி, 23 டிகிரியில் நன்றாக வளர்ந்து 36 டிகிரியில் நின்றுவிடும் வகைகளைத் தேடிப் பொறுக்கினார். சூட்டில் நிற்கும்போது செல் எந்த உருவத்தில் நிற்கிறது என்று பார்த்தார். மொட்டின் அளவே செல் சுழற்சியின் கடிகாரம். மொட்டே இல்லாமல் நின்றால் தொடக்கத்தில் சிக்கல், பெரிய மொட்டோடு நின்றால் முடிவில் சிக்கல். இப்படிச் சேர்ந்தவைதான் ‘சிடிசி’ என்ற பெயரில் எண்ணிட்ட மரபணுக்கள். 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் அந்த வேலையின் நடுவில் இல்லை. இருந்தது நுண்ணோக்கியும், வெப்பத்தை மாற்றும் வசதியும், கணக்கற்ற செல்களை உட்கார்ந்து பார்க்கும் பொறுமையும்.

அந்த வகைகளில் சிடிசி24 என்ற மரபணு கெட்டவை விசித்திரமாக நடந்துகொண்டன. சூட்டில் அவை மொட்டு விடவே இல்லை. ஆனால் வளர்ச்சியும் நிற்கவில்லை. எல்லாப் பக்கமும் சமமாக ஊதிப் பெருத்து, பெரிய உருண்டைகளாயின. உள்ளே உட்கரு மட்டும் பிரிந்துகொண்டே போனது. 1990இல் ஜான் பிரிங்கிளின் குழு இதே குறையைக் காட்டும் இன்னொரு மரபணுவை விவரித்தது. அதுதான் சிடிசி42. செல்லுக்கு வளர்வதற்கான பொருளும் ஆற்றலும் இருந்தன, எந்தப் பக்கம் வளர்வது என்ற முடிவுதான் இல்லை. இந்தப் பக்கச் சார்பைத்தான் உயிரியலில் துருவத்தன்மை என்கிறார்கள்.

சிடிசி42 உருவாக்கும் புரதம் ஒரு விசை. ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறு ஒட்டியிருந்தால் விசை ‘ஆன்’, அதில் ஒரு பாஸ்பேட் கழன்றால் ‘ஆஃப்’. ஆன் செய்வது சிடிசி24இன் வேலை. செல் சவ்வில் ஆன் ஆன விசைகள் ஓரிடத்தில் திரண்டதும், அந்த இடத்தை நோக்கி ஆக்டின் இழைகள் வடம் பிடித்தாற்போல் நீள்கின்றன. அந்த இழைகளின் வழியே சவ்வுக்கும் சுவருக்கும் வேண்டிய சரக்குகள் சின்னப் பைகளாக வந்து இறங்குகின்றன. சுவர் அங்கே மட்டும் நெகிழ்ந்து புடைக்கிறது. புடைப்பின் கழுத்தைச் சுற்றி செப்டின் என்ற புரதங்கள் வளையம் கட்டுகின்றன. செப்டின்களும் ஹார்ட்வெல்லின் அதே சேகரிப்பிலிருந்து வந்தவைதான்.

இடத்தைத் தேர்வது வேறொரு மரபணுக் கூட்டம். சான் பிரான்சிஸ்கோவில் ஜான் சான்ட்டும் ஐரா ஹெர்ஸ்கோவிட்ஸும் 1991இல் அதை வெளிக்கொண்டு வந்தார்கள். பட்1, பட்2, பட்3, பட்4 என்று வரிசையாகப் பெயர். அதே ஆண்டில் பட்5உம் சேர்ந்தது. ஈஸ்ட் மனம்போன இடத்தில் மொட்டு விடுவதில்லை என்பது அதற்கு முன்பே தெரியும். ஒரே தொகுதி குரோமோசோம் கொண்ட செல், போன மொட்டு பிரிந்த தழும்பின் பக்கத்திலேயே அடுத்த மொட்டை விடும். இரண்டு தொகுதி கொண்ட செல், இரு முனைகளில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதன் சேய் செல் முதல் மொட்டைப் பெரும்பாலும், தான் தாயோடு ஒட்டியிருந்த முனைக்கு எதிர்முனையில் விடும். பட்3, பட்4 கெட்டுப்போனால், தழும்பை ஒட்டி மொட்டு விட வேண்டிய செல் இரு முனைப் பழக்கத்துக்கு மாறிவிடுகிறது. பட்1, பட்2, பட்5 கெட்டாலோ எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்ட இடத்தில் மொட்டு வருகிறது.

மொட்டு பிரிந்த ஒவ்வோர் இடத்திலும் கைட்டின் என்ற பொருளாலான வட்டத் தழும்பு தாயின் மேல் தங்கிவிடும். இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் இருப்பது அதே கைட்டின். துணிகளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கப்படும் கால்கோபுளோர் என்ற சாயத்தைத் தடவிப் புறஊதா ஒளியில் பார்த்தால், தழும்புகள் நீலமாக ஒளிரும். அவற்றை எண்ணினால் அந்தத் தாய் எத்தனை முறை ஈன்றது என்று சொல்லிவிடலாம். ஒரு தாய் சுமார் இருபது முதல் முப்பது மொட்டு வரை விட்டு, பிறகு ஓய்ந்துவிடும். 1959இல் மார்டிமரும் ஜான்ஸ்டனும் நுண்ணூசியால் சேய்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து இதைக் காட்டினார்கள். செல்கள் முதுமை அடைவதைப் பற்றிய இன்றைய ஆராய்ச்சியில் பெரும்பகுதி அந்த எண்ணிக்கையிலிருந்து கிளைத்தது.

பட்1 இல்லாத செல்லிடம் இன்னொரு பாடமும் இருக்கிறது. இடம் சொல்ல ஆளில்லாவிட்டாலும் அது மொட்டு விடாமல் இருப்பதில்லை. எங்காவது ஓரிடத்தில், அதுவும் ஒரே ஓரிடத்தில், விட்டுவிடுகிறது. வெளியிலிருந்து எந்தக் குறிப்பும் இல்லாமல், எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்கும் உருண்டை எப்படி ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறது? போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் ஒரு கடை வாசலில் நாலு பேர் நின்றால் ஐந்தாமவரும் அங்கேதான் எட்டிப் பார்ப்பார். சிடிசி42 அப்படித்தான் திரள்கிறது. தற்செயலாக ஓரிடத்தில் சற்று அதிகம் சேர்ந்ததும், பெம்1 என்ற புரதம் சிடிசி24ஐ அங்கே இழுத்து வருகிறது. அது சுற்றிலும் உள்ள விசைகளையும் ஆன் செய்கிறது. திரள் இன்னும் பெருக்கிறது. இரண்டு இடங்களில் திரள் தொடங்கினால், செல்லுக்குள் உள்ள பெம்1 அளவானது என்பதால் இரண்டும் அதற்குப் போட்டியிடுகின்றன. சற்றே பெரியது வென்று மற்றது கரைந்துபோகிறது.

இந்த விளக்கம் சரிதானா என்று பார்க்க டேனியல் லூவின் குழு 2009இல் ஒரு சோதனை செய்தது. பெம்1ஐச் சவ்வோடு சேர்ந்து பயணிக்கும் ஒரு புரதத்துடன் பிணைத்து, போட்டியின் வேகத்தைக் குறைத்தார்கள். சில செல்கள் ஒரே நேரத்தில் இரண்டு மொட்டுகள் விட்டன. ஈஸ்டில் இயல்பாக நடக்காத ஒன்றை, காரணம் புரிந்துகொண்டு நடத்திக் காட்டிய அழகான வேலை அது.

சிடிசி42 ஈஸ்டுக்கு மட்டும் சொந்தமில்லை. மனிதனுக்கும் உண்டு, ஐந்தில் நான்கு பங்கு அமினோ அமில வரிசை அப்படியே ஒத்துப்போகிறது. 1990இலேயே மனித மரபணுவை, சிடிசி42 கெட்ட ஈஸ்டுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். ஈஸ்ட் மறுபடி மொட்டு விட்டது. நம் உடலில் கிருமியைத் துரத்தும் வெள்ளணு எந்தப் பக்கம் நகர்வது என்று தீர்மானிப்பதிலும், நரம்பு செல்லின் எந்த நீட்சி நெடிய இழையாவது என்பதிலும் அதே புரதத்துக்குப் பங்கு இருக்கிறது. நூறு கோடி ஆண்டு அளவில் பிரிந்துபோன இரண்டு உயிர்க் கிளைகள் ஒரே விசையை வைத்து வேலை பார்க்கின்றன.

இனி பிரிவு. அந்தமான் ஈஸ்டின் கதை இங்கே நேராக வந்து கலக்கிறது.

மொட்டு முழுதாக வளர்ந்ததும் தாய்க்கும் சேய்க்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் எழும்புகிறது. அதைக் கரைத்தால்தான் சேய் விடுபடும். கரைக்கும் வேலை சேயின் பக்கத்திலிருந்து நடக்கிறது. ஏஸ்2 என்ற புரதம் சேயின் உட்கருவுக்குள் மட்டும் நுழைந்து, கைட்டினைச் சிதைக்கும் நொதியையும் அதன் கூட்டாளிகளையும் தயாரிக்கும் மரபணுக்களைத் தூண்டுகிறது. ஒரே செல் இரண்டாகும் கணத்தில் சேய்க்கு மட்டும் வேறு கட்டளை போவது, துருவத்தன்மையின் இன்னொரு முகம்.

2016இல் பிரிட்டனில் ஆண்ட்ரூ போர்மனும் சகாக்களும் மருத்துவமனைகளில் எடுத்த கேண்டிடா ஆரிஸ் மாதிரிகளை ஒப்பிட்டபோது, சில வகைகள் தண்ணீரில் கலக்கினாலும் பிரியாமல் கட்டிகளாகவே இருந்தன. சேய்கள் தாயை விட்டு விலகாததே காரணம். மெழுகுப் பூச்சியின் புழுக்களில் ஏற்றிப் பார்த்தபோது, கட்டியாகாத வகைகளே கொடியவையாக இருந்தன. 2021இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேரியன் சந்தனாவும் தெரேசா ஓ’மேராவும் இந்த ஈஸ்டின் மரபணுக்களை ஆங்காங்கே துண்டித்து, உருவம் மாறிய செல்களைத் தேடினார்கள். கட்டியாகும் செல்களில் கெட்டிருந்தவற்றுள் ஏஸ்2உம், அதை இயக்கும் கூட்டத்தைச் சேர்ந்த டாவோ3உம் இருந்தன. ரொட்டி ஈஸ்டில் பல ஆண்டுகளுக்கு முன்பே பெயரிடப்பட்டிருந்த மரபணுக்கள் அவை. ரொட்டி ஈஸ்டில் யாரும் அக்கறையோடு மொட்டுகளைப் பார்த்திராவிட்டால், மருத்துவமனைக் கிருமியில் எந்த மரபணுவைக் கேட்பது என்றே தெரிந்திருக்காது.

சேய் பிரியாமல் நிற்பது வேறொரு கேள்விக்கும் உதவியது. அமெரிக்காவில் வில்லியம் ராட்கிளிஃப் ரொட்டி ஈஸ்டைக் குழாயில் வளர்த்து, நாள்தோறும் விரைவாக அடியில் படியும் செல்களை மட்டும் எடுத்து அடுத்த குழாய்க்கு மாற்றினார். அறுபது மாற்றங்களுக்குள் பனிப்படிகம் போன்ற கிளைத்த கூட்டங்கள் வந்துவிட்டன. 2012இல் வெளியான அந்த ஆய்வு, ஒற்றைச் செல் உயிர் பல செல் உயிராவது எப்படி என்ற கேள்விக்கு ஒரு வாசல் திறந்தது. அந்தக் கூட்டங்களில் மாறியிருந்த மரபணுவும் ஏஸ்2தான் என்று பிறகு தெரிந்தது.

இப்போது உப்புக்கு வருவோம். உங்களுக்கென்றே இருக்கும் பகுதி இது.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமான் கரை உயர்ந்தது, தெற்கு அந்தமான் தாழ்ந்தது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் கடல் ஏறி வந்து தங்கிவிட்டதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். அப்படிப்பட்ட கழிகளில் அலையேற்றத்தின்போது கடல்நீர் வந்து நிறைகிறது, வற்றத்தின்போது வெயிலில் உப்பு ஏறுகிறது. தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது அதே சேறு ஏறக்குறைய நன்னீராகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் உங்களுடையது. இந்தச் சேற்றில் வாழும் ஒரு செல் ஒரே நாளில் பலமுறை வேறு வேறு உப்பளவைச் சந்திக்கிறது.

திடீரென்று உப்பு ஏறினால் ஈஸ்ட் செல்லிலிருந்து நீர் வெளியேறி அது சுருங்குகிறது. சில நிமிடங்களில் ஆக்டின் இழைகள் குலைகின்றன. மொட்டுக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு நின்றுவிடுகிறது. மொட்டு பாதியில் நிற்கிறது. அதே சமயம் ஹாக்1 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. 1993இல் ஹூஸ்டன் ரைஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கஸ்டினின் குழு இந்த எச்சரிக்கைப் பாதையை வெளிப்படுத்தியது. ஹாக்1இன் ஏவலில் செல் உள்ளுக்குள் கிளிசராலைச் சேர்த்து, வெளியே உள்ள உப்புக்கு ஈடுகட்டுகிறது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நிலைமை சீராகிறது. ஆக்டின் இழைகள் மறுபடி கட்டப்படுகின்றன. நின்றுபோன அதே மொட்டு மறுபடி வளர்கிறது.

‘அதே மொட்டு’ என்பதைக் கவனியுங்கள். ஹாக்1 இல்லாத செல்களை அதே குழு 1994இல் உப்பில் வைத்துப் பார்த்தது. அவை பழைய மொட்டை அப்படியே கைவிட்டுவிட்டு, வேறோர் இடத்தில் புதிய மொட்டைத் தொடங்கின. உப்பு வந்தபோது எந்த இடத்தில் வேலை நின்றதோ அந்த இடத்துக்கே திரும்புவதற்கும் ஒரு மரபணு வேண்டியிருக்கிறது. கடலோரத்தில் வாழும் ஒரு ஈஸ்டுக்கு இதைவிட முக்கியமான திறமை வேறென்ன இருக்க முடியும்? கேண்டிடா ஆரிஸ் பத்து சதவீத உப்பிலும் வளரக்கூடியது, அதாவது கடல்நீரைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு உப்பில். ஆய்வகங்களில் அதை மற்ற ஈஸ்டுகளிலிருந்து பிரித்தெடுக்க அந்தக் குணத்தையே பயன்படுத்துகிறார்கள்.

ஆய்வகங்களில் உப்பைப் பெரும்பாலும் ஒருமுறை ஏற்றி என்ன ஆகிறது என்றுதான் பார்க்கிறார்கள். உங்கள் கழிகளில் உப்பு அலையோடு ஏறி இறங்குகிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உப்பளவு மாறினால் மொட்டு விடுவதன் தாளம் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றுவது, அந்தக் கழியின் ஓரமாகப் பள்ளிக்கு நடந்து போகிறவருக்குத்தான் எளிது. ரங்கத்திலும் மாயாபந்தரிலும் டிக்லிபூரிலும் ஹட் பேயிலும் உள்ள பிள்ளைகள், ஆராய்ச்சி என்பது ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான கடல் தாண்டிச் சென்னையிலோ டெல்லியிலோ நடப்பது என்று நினைத்து வளர்வது வருத்தத்துக்குரியது. அந்தமான் சேற்றை ஆராய்ந்தவர்கள் உங்கள் கரையில்தான் அதை அள்ளினார்கள்.

இதைப் பள்ளியிலேயே தொடங்கலாம். பாடநூலின் அதே சர்க்கரைக் கரைசலில் ஈஸ்டை இரண்டு மணி நேரம் வளர விடுங்கள். பிறகு அதை மூன்று குழாய்களாகப் பிரியுங்கள். முதல் குழாயில் வெறும் சர்க்கரைக் கரைசல் சேருங்கள். இரண்டாவதில், உப்பின் அளவு முடிவில் நூறு மில்லிலிட்டருக்கு ஒன்றரை கிராம் என்று வரும்படியும், மூன்றாவதில் மூன்று கிராமுக்குச் சற்று மேல் வரும்படியும் சேருங்கள். ஐராவதி ஆறு கொட்டும் நன்னீரால் அந்தமான் கடலின் மேற்பரப்பு நீர் சற்று உப்புக் குறைந்தது, லிட்டருக்கு 32, 33 கிராம் அளவு. அதனால் மூன்றாவது குழாய் ஏறக்குறைய உங்கள் கடல். அயோடின் சேர்க்காத கல்லுப்பு நல்லது. பதினைந்து நிமிடம், ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி என்று ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, 400 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கியில் பாருங்கள். நூறு செல்களை எண்ணி, மொட்டில்லாதவை, சிறு மொட்டுள்ளவை, தாயில் பாதிக்கு மேல் வளர்ந்த மொட்டுள்ளவை என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். சிறு மொட்டுகள் எவ்வளவு நேரம் சிறு மொட்டுகளாகவே நிற்கின்றன என்பதை அந்த எண்கள் காட்டும். பிறகு உப்பை நீக்கிப் பார்க்கலாம், மறுபடி ஏற்றிப் பார்க்கலாம்.

கல்லூரி மாணவர்கள் தென்னங்கள்ளையும் நாடலாம். நிக்கோபாரில் கள் இறக்குவது பழைய வழக்கம், கள்ளைப் புளிக்க வைப்பதில் முதலிடம் சாக்கரோமைசிஸுக்கு. மரத்தின் பாளையில் வாழ்ந்த ஈஸ்டும் பொட்டலத்தில் வந்த ஈஸ்டும் உப்பை ஒரேபோல் தாங்குகின்றனவா என்பது நல்ல கேள்வி. இட்லி மாவை எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. அது பொங்குவதில் பெரும்பங்கு லூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு, ஈஸ்டைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு கண்டிப்பான வேண்டுகோள். கடற்கரை மண்ணையோ சதுப்பு நீரையோ எடுத்து வந்து பள்ளியில் வளர்க்க விடாதீர்கள். 37 டிகிரியிலோ அதற்கு மேலோ சூடேற்றி வளர்ப்பது அறவே கூடாது. உடல் வெப்பத்தில் வளரும் உயிர்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குவதாக அது முடியும். அந்த வேலை பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகங்களுக்கு உரியது. போர்ட் பிளேரிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் வட்டார மையம் இருக்கிறது. கராச்சர்மாவில் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. புரூக்‌ஷாபாத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. நுண்ணுயிரியல் படிக்க விரும்பும் பிள்ளைகளை அங்கே ஒருநாள் அழைத்துப்போய், அங்குள்ளவர்களிடம் நேரில் கேள்வி கேட்க விடுங்கள்.

பள்ளிச் சோதனையில் மொட்டுகளை எண்ணும்போது இரண்டு பேர் தனித்தனியாக எண்ணுவது முறை. எந்தக் குழாயின் சொட்டு என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. ஒட்டிக் கிடக்கும் இரண்டு செல்களை மொட்டோடு குழப்பிக்கொள்ளாமல் இருக்க, கண்ணாடி வில்லையை விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். தனிச் செல்கள் விலகும், மொட்டு விலகாது. குறிப்பேட்டில் அறை வெப்பம், உப்பின் அளவு, ஈஸ்ட் பொட்டலத்தின் தேதி மூன்றையும் எழுதுங்கள். எதிர்பார்த்தது வராத நாளின் எண்களையும் அடிக்காமல் வையுங்கள். வேலை முடிந்ததும் குழாய்களைக் கொதிநீரில் இருபது நிமிடம் போட்டுவிட்டுக் கழுவுங்கள்.